மசாய் மாராவில் பெரும்பூனைகளைத் தேடித்தந்த வழிகாட்டியும் அவரை அனுப்பிய நிறுவனமும்

கென்யாவின் மசாய் மாரா காப்பகத்துக்குப் போகத் திட்டமிடுவோர் பெரும்பாலும் தங்குமிடத்தைத் தேர்ந்தெடுப்பதிலேயே வாரக்கணக்கில் மண்டையை உடைத்துக்கொள்கிறார்கள். கூடாரத்தில் வெந்நீர் வருமா, ஆற்றைப் பார்த்த அறை கிடைக்குமா, இரவில் எத்தனை மணி வரை மின்சாரம் இருக்கும் என்றெல்லாம் விசாரிப்பவர்கள், விடிந்தது முதல் பொழுது சாயும்வரை தங்களோடு ஒரே வண்டியில் இருக்கப்போகும் வழிகாட்டி யார், அவருடைய தகுதி என்ன என்பதை மட்டும் கேட்பதில்லை. சிங்கம், சிறுத்தை (லெப்பர்ட்), சிவிங்கிப்புலி (சீட்டா) ஆகிய மூன்றையும் பார்ப்பதுதான் பயணத்தின் நோக்கம் என்றால், அந்த மனிதரின் கண்ணுக்கும் நிதானத்துக்கும்தான் நாம் உண்மையில் பணம் கொடுக்கிறோம். நைரோபியிலிருந்து இயங்கும் ஒரு சிறிய பயண நிறுவனத்தின் வழியாக நானும் என் கணவரும் எடுத்துக்கொண்ட தனி வண்டி, தனி வழிகாட்டிச் சேவையைப் பற்றியது இந்த மதிப்பீடு. வழிகாட்டிக்கு முழு மதிப்பெண் தருகிறேன். நிறுவனத்துக்குப் பாதிகூடத் தர மனம் வரவில்லை. நிறுவனத்தின் பெயரை இங்கே எழுதப்போவதில்லை. நான் சொல்லும் குறைகள் எந்த நிறுவனத்தில் பதிவு செய்தாலும் முன்கூட்டியே கேட்டுத் தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டியவை.

மாரா காப்பகம் சுமார் 1510 சதுர கிலோமீட்டர் பரப்புள்ளது. தான்சானியாவின் செரங்கெட்டி தேசியப் பூங்காவோடு வேலி எதுவுமின்றி ஒட்டிக்கிடக்கும் இந்தப் புல்வெளி, நரோக் மாவட்ட நிர்வாகத்தின் கீழ் வருகிறது. நைரோபியின் வில்சன் விமான நிலையத்திலிருந்து சிறு விமானத்தில் ஒரு மணி நேரத்துக்குள் போய் இறங்கிவிடலாம். நாங்கள் சாலை வழியைத் தேர்ந்தெடுத்தோம். நரோக் நகரைக் கடந்து செக்கனானி நுழைவாயிலை அடைய ஐந்தாறு மணி நேரம் ஆகிறது. செலவு குறைவு என்பதோடு இதில் இன்னொரு நன்மையும் இருந்தது. வழிகாட்டி நைரோபியிலிருந்தே எங்களோடு வந்ததால், நாங்கள் எதைப் பார்க்க ஆசைப்படுகிறோம், எவ்வளவு நேரம் பொறுமையாக உட்கார்ந்திருக்கக்கூடியவர்கள் என்பதை வழியிலேயே பேச்சுக் கொடுத்து அவர் அறிந்துகொண்டார். கூரையைத் தூக்கி நிறுத்தக்கூடிய லேண்ட் குரூசர் வண்டி, எரிபொருள், வழிகாட்டி, தாலெக் ஆற்றங்கரையில் காப்பக எல்லைக்கு வெளியே ஒரு நடுத்தரக் கூடார முகாம், மூன்று வேளை உணவு, நுழைவுக் கட்டணம் ஆகிய அனைத்தும் தொகுப்பில் அடங்கும் என்பது நிறுவனம் எழுத்தில் கொடுத்த வாக்கு. அதில் எது பொய்த்தது என்பதைப் பின்னால் சொல்கிறேன்.

எங்கள் வழிகாட்டி நரோக் பகுதியைச் சேர்ந்த மசாய் இனத்தவர். கென்யத் தொழில்முறை சஃபாரி வழிகாட்டிகள் சங்கம் 1996 முதல் தேர்வு நடத்தி வெண்கலம், வெள்ளி, தங்கம் என மூன்று நிலைகளில் சான்று வழங்கி வருகிறது. அவர் வெள்ளி நிலையில் இருந்தார். சட்டையில் குத்தியிருந்த அந்தச் சிறிய வில்லையை அவராகக் காட்டிப் பெருமை பேசவில்லை, நான்தான் கேட்டேன். சிங்கத்தை நிச்சயம் பார்க்கலாம், சிவிங்கிப்புலியைப் பார்க்க வாய்ப்பு அதிகம், சிறுத்தையைப் பற்றி எதுவும் சொல்வதற்கில்லை என்பதுதான் முதல் நாள் அவர் எங்களுக்குக் கொடுத்த ஒரே உறுதி. நிறுவனத்தின் விளம்பரத்தில் இருந்த படங்களை நம்பிப் போன எங்களுக்கு இந்தப் பேச்சு சற்று ஏமாற்றமாக இருந்தாலும், இப்படிப் பேசுகிறவரைத்தான் நம்பலாம் என்று தோன்றியது.

முதுமலையிலோ பந்திப்பூரிலோ வனத்துறை வண்டியில் ஏறி, அடர்ந்த புதர்களுக்கிடையே ஒரு நொடி தெரியும் வாலுக்காகக் காத்துப் பழகியவர்களுக்கு மாராவின் திறந்தவெளி முதலில் மலைப்பைத் தரும். கண்ணுக்கெட்டிய தூரம் வரை புல்லே தெரியும்போது, இங்கே வழிகாட்டி எதற்கு என்றுகூட நினைக்கத் தோன்றும். முழங்கால் உயரப் புல்லில் படுத்திருக்கும் சிங்கத்தை முப்பதடி தூரத்தில் கடந்து போய்விட முடியும் என்பது பிறகுதான் புரிந்தது. எங்கள் வழிகாட்டி வேகமாக ஓட்டிச்சென்று தேடும் வகையைச் சேர்ந்தவரல்லர். காலை ஆறு மணிக்கு வாயில் திறந்ததும் உள்ளே நுழைந்து, ஏதேனும் ஒரு மேட்டின் மேல் வண்டியை நிறுத்தி, எஞ்சினை அணைத்துவிட்டு, பைனாகுலரை எடுத்துக்கொண்டு புல்வெளியை இடமிருந்து வலமாக மெதுவாகப் படித்துக்கொண்டே போவார். அவர் பெரும்பாலும் பூனைகளைத் தேடவில்லை. மற்ற விலங்குகள் எங்கே பார்க்கின்றன என்பதைத்தான் தேடினார்.

டோபி என்றொரு மான் உண்டு. செம்பழுப்பு உடலும் தொடையில் நீலங்கலந்த கருந்திட்டும் கொண்ட இந்த மான், கரையான் புற்றின் மேல் ஏறி அசையாமல் நின்று சுற்றிலும் நோட்டம் விடும் வழக்கமுடையது. ஒரு டோபி நிற்பதில் செய்தி எதுவுமில்லை. ஆனால் கூட்டத்திலுள்ள எல்லா மான்களும் மேய்ச்சலை விட்டுவிட்டுக் காதுகளை நிமிர்த்தி ஒரே திசையைப் பார்த்தால், அவற்றின் பார்வைக்கோடு முடியும் இடத்தில் ஏதோ ஒரு பூனை படுத்திருக்கிறது. அவை ஓடாமல் நின்று பார்ப்பதற்குக் காரணமுண்டு: பதுங்கித் தாக்கும் விலங்கு, தான் பார்க்கப்பட்டுவிட்டதை உணர்ந்தால் பெரும்பாலும் முயற்சியைக் கைவிட்டுவிடும், கண்ணைவிட்டு மறைந்தால்தான் ஆபத்து. ஒட்டகச்சிவிங்கிகளும் இப்படித்தான் வெறித்துப் பார்க்கும். உயரத்திலிருந்து பார்ப்பதால் அவற்றின் சாட்சியத்துக்கு மதிப்பு அதிகம் என்றார் அவர். பிணந்தின்னிக் கழுகுகள் வட்டமடித்துக்கொண்டிருந்தால் அவை வெப்பக்காற்றில் மிதக்கின்றன, அவ்வளவுதான். கால்களைத் தொங்கவிட்டபடி ஒன்றன்பின் ஒன்றாகச் சரிந்து இறங்கினால் கீழே இரை கிடக்கிறது. இறங்காமல் மரத்தில் வரிசையாக உட்கார்ந்திருந்தால், இரையைக் கொன்ற விலங்கு இன்னும் அங்கேயே இருக்கிறது. இவ்வளவையும் அவர் பாடம் நடத்துவதுபோல் சொல்லவில்லை. வண்டியை நிறுத்திவிட்டு எங்களை முதலில் பார்க்கச் சொல்லி, நாங்கள் திணறிய பிறகே சொன்னார். பயணத்தின் பிற்பகுதியில் என் கணவரே ஒரு முறை டோபிகளை வைத்துச் சிங்கத்தைக் கண்டுபிடித்துவிட்டு, அன்று மாலை முழுவதும் அதையே பேசிக்கொண்டிருந்தார்.

இந்தச் சேவையின் தரத்தை நான் எடைபோட்டது சிறுத்தையை வைத்துத்தான். மாராவில் சிறுத்தைகள் ஆற்றோரக் காடுகளையும் மழைக்காலத்தில் மட்டும் நீரோடும் ஓடைக்கரைப் புதர்களையும் விட்டு அதிகம் வெளியே வருவதில்லை. ஒருநாள் காலையில் வாக்கி-டாக்கியில் "சிம்பா, சிம்பா" என்று சிங்கச் செய்தி ஓடிக்கொண்டிருந்தது; எதிரே வந்த வண்டிகளெல்லாம் அத்திசையில் திரும்பின. எங்கள் வழிகாட்டி மட்டும் தாலெக் ஆற்றின் ஒரு கிளையோடையை ஒட்டி நத்தை வேகத்தில் ஊர்ந்துகொண்டிருந்தார். நீண்டு பருத்த காய்கள் தொங்கும் சாசேஜ் மரம் ஒன்றின் எதிரில் வண்டி நின்றது. எங்களுக்குக் காய்கள் மட்டுமே தெரிந்தன. இடப்புறத்துக் கிளையில் மூன்றாவதாகத் தொங்குவதைப் பாருங்கள் என்றார். பைனாகுலரில் பார்த்தபோது அது காயல்ல, குளம்பு. கிளைக்கவையில் செருகி வைக்கப்பட்டிருந்த இம்பாலா மான் ஒன்றின் பின்னங்கால் அது.

இரை இருந்தது, சிறுத்தை இல்லை. அவர் மரத்தை நெருங்காமல், வெயில் எங்கள் முதுகுப்பக்கம் விழும்படி வண்டியைப் பின்னுக்குக் கொண்டுபோய் நிறுத்தினார். வயிறு நிறைந்த சிறுத்தை அருகிலுள்ள புதரில்தான் படுத்திருக்கும், நாம் மரத்தடியில் நின்றால் அது வெளியே வராது என்பது அவர் கணக்கு. ஒரு மணி நேரத்துக்கும் மேலாக எதுவும் நடக்கவில்லை. பிறகு புல்வெளிப் பக்கமிருந்து மூக்கைத் தூக்கியபடி கழுதைப்புலி ஒன்று மரத்தடிக்கு வந்து, கீழே சிந்தியிருந்த இரத்தத்தை நக்கத் தொடங்கியது. அடுத்த கணம் புதரிலிருந்து வெளிப்பட்ட பெண் சிறுத்தை, கழுதைப்புலியைப் பொருட்படுத்தாமல் அடிமரத்தில் பாய்ந்து ஏறியது. நகங்கள் மரப்பட்டையைக் கிழிக்கும் ஓசை எங்களுக்குத் தெளிவாகக் கேட்டது. பட்டைச் சில்லுகள் கழுதைப்புலியின் முதுகில் விழுந்தன. மேலே போனதும் சிறுத்தை இரையைக் கவ்வி இன்னும் ஒரு கிளை உயரத்துக்கு இழுத்து வைத்துவிட்டு, அதன்மேல் ஒரு முன்னங்காலைப் போட்டுப் படுத்துக்கொண்டது. இடது காதின் ஓரத்தில் ஒரு பழைய கிழிசல் இருந்தது வரை பார்க்க முடிந்தது.

நாங்கள் நன்றாகப் பார்த்து முடித்த பிறகே அவர் வாக்கி-டாக்கியை எடுத்து மற்றவர்களுக்குச் செய்தி சொன்னார். இதைச் சிலர் குறையாகச் சொல்லக்கூடும். வழிகாட்டிகள் ஒருவருக்கொருவர் தகவல் கொடுத்து வாங்கித்தான் பிழைக்கிறார்கள். கொடுக்காதவருக்கு யாரும் கொடுப்பதில்லை. சிறுத்தை மரமேறும் வரை காத்திருந்து, அது இனி எளிதில் இறங்காது என்ற நிலையில் சொன்னது என் பார்வையில் சரியான முடிவு. முன்பே சொல்லியிருந்தால் பத்து வண்டிகளின் இரைச்சலில் அது புதரைவிட்டு வெளியே வந்திருக்குமா என்பது ஐயமே.

சிவிங்கிப்புலி விஷயத்தில் எங்களுக்குக் கிடைத்தது குறைவு. அதற்குக் காரணமும் இதே வழிகாட்டிதான். இந்தியாவில் அற்றுப்போய்விட்டதாக 1952-இல் அறிவிக்கப்பட்ட விலங்கை அதன் சொந்த மண்ணில் அருகிருந்து பார்க்க வேண்டும் என்பது என் கணவரின் நெடுநாள் ஆசை. குட்டிகளோடு ஒரு தாய் இருக்கும் இடம் தெரிந்து போனபோது, அங்கே இருபதுக்கும் மேற்பட்ட வண்டிகள் சூழ்ந்து நின்றன. எங்கள் வழிகாட்டி வெகு தொலைவிலேயே வண்டியை நிறுத்திவிட்டு, இதற்குமேல் போகப்போவதில்லை என்று பணிவாக ஆனால் உறுதியாகச் சொல்லிவிட்டார். ஒரு விலங்கைச் சுற்றி ஐந்து வண்டிகளுக்கு மேல் நிற்கக் கூடாது, பாதையைவிட்டு இறங்கக் கூடாது என்பவை விதிகள். அன்று அங்கே அவற்றைக் கண்காணிக்கக் காவலர் எவரும் இல்லை. நாளொன்றுக்கு இவ்வளவு கட்டணம் கட்டிவிட்டு ஒதுங்கி நிற்பதா என்று என் கணவர் முகம் சுளித்ததை மறைக்கவில்லை.

வழிகாட்டியின் பிடிவாதத்துக்கு ஆதாரம் இருக்கிறது. சிவிங்கிப்புலி மற்ற இரு பூனைகளைவிட எடை குறைந்தது. சிங்கத்தோடும் கழுதைப்புலியோடும் மோத முடியாததால் அவை ஓய்ந்திருக்கும் பகல் நேரத்தில் வேட்டையாடுகிறது. துரத்தி முடித்தபின் மூச்சு வாங்கி நிற்கும் அந்த இடைவெளியில் வண்டிக்கூட்டம் கழுதைப்புலிகளுக்கு விலாசம் காட்டிக்கொடுத்துவிடுகிறது. மாராவில் ஃபெம்கே புரூக்ஹைஸ் என்ற ஆய்வாளர் நடத்தி 2018-இல் வெளியிட்ட ஆய்வின்படி, சுற்றுலா நடமாட்டம் மிகுந்த பகுதிகளில் தாய்ச் சிவிங்கிப்புலி ஓர் ஈற்றுக்குச் சராசரியாக 0.2 குட்டியையே வளர்த்து ஆளாக்குகிறது. நடமாட்டம் குறைந்த பகுதிகளில் அது 2.3. இந்த எண்களை முகாமுக்குத் திரும்பியபின் படித்துக்காட்டியும் என் கணவரின் வருத்தம் முழுதாகத் தீரவில்லை. பிறகு ஒரு மாலையில் கரையான் புற்றின் மேல் அமர்ந்திருந்த தனி ஆண் ஒன்றை, கண்ணிலிருந்து வாய்வரை இறங்கும் கருங்கோடு தெரியும் அளவுக்கு அருகில் பார்த்தோம். அது ஓடிப் பார்க்கும் பேறு எங்களுக்கு வாய்க்கவில்லை.

நெரிசல் பிடிக்காதவர்களுக்கு இரண்டு வழிகள் உண்டு. மாரா ஆற்றுக்கு மேற்கேயுள்ள மாரா முக்கோணப் பகுதியை 2001 முதல் மாரா கன்சர்வன்சி என்ற இலாப நோக்கற்ற அமைப்பு நிர்வகிக்கிறது. அங்கே விதிகளைக் கண்டிப்போடு நடைமுறைப்படுத்துகிறார்கள். மற்றொன்று, காப்பகத்தின் வடக்கெல்லையை ஒட்டியுள்ள நபோய்ஷோ, ஓலாரே மொட்டொரோகி, வடமாரா போன்ற தனியார் பாதுகாப்பு நிலங்கள். மசாய் குடும்பங்களிடமிருந்து குத்தகைக்கு எடுக்கப்பட்ட இந்நிலங்களில், அங்குள்ள முகாம்களில் தங்குபவர்களின் வண்டிகளுக்கு மட்டுமே அனுமதி. காப்பகத்தில் தடைசெய்யப்பட்டுள்ள இரவு உலாவும் அங்கே உண்டு. செலவு கூடும். ஆனால் குத்தகைப் பணம் மாதந்தோறும் நில உரிமையாளர்களுக்குப் போய்ச்சேருவதால் அவர்கள் சிங்கத்தைப் பொறுத்துக்கொள்ளக் காரணம் இருக்கிறது என்று எங்கள் வழிகாட்டி சொன்னார். அவர் குடும்பத்துக்கும் மாடுகள் உண்டு. 2015 டிசம்பரில் முசியாரா சதுப்புப் பகுதியின் புகழ்பெற்ற மார்ஷ் சிங்கக் கூட்டத்தில் சில, மாடு மேய்ப்பவர்கள் வைத்த நஞ்சினால் இறந்தன. அதைப் பற்றிப் பேசும்போது அவர் சிங்கத்தின் பக்கம் மட்டும் நின்று பேசவில்லை. ஒரே இரவில் மாடுகளைப் பறிகொடுத்தவனின் நிலையையும் சொன்னார்.

சிங்கங்களைப் பற்றி நீட்டி எழுத வேண்டியதில்லை. பார்த்தோம், நிறையவே பார்த்தோம், பெரும்பாலும் தூங்கிக்கொண்டிருந்தன. மீசைப் புள்ளிகளின் வரிசை ஒவ்வொரு சிங்கத்துக்கும் வேறுபடும் என்பதையும், மூக்கின் இளஞ்சிவப்பு நிறம் வயதாக ஆகக் கறுத்துக்கொண்டே வரும் என்பதையும் நேரில் காட்டிய பிறகு, தூங்கும் சிங்கத்தைப் பார்ப்பதுகூட அவ்வளவு சலிப்பாக இருக்கவில்லை.

இனி நிறுவனத்துக்கு வருகிறேன். மாராவின் நுழைவுக் கட்டணம் 2024 ஜூலை முதல், வெளிநாட்டவர் ஒருவருக்கு நாளொன்றுக்கு ஜூலை முதல் டிசம்பர் வரையிலான மாதங்களில் 200 டாலர். ஜனவரி முதல் ஜூன் வரையிலான மாதங்களில் 100 டாலர். சீட்டு காலை ஆறு முதல் மாலை ஆறு வரையே செல்லும். எல்லைக்கு வெளியே தங்கியிருப்பவர்கள், ஊர் திரும்பும் நாளன்று காலையில் இரண்டு மணி நேரம் உள்ளே போய்வர வேண்டுமானாலும் அந்த நாளுக்கான முழுக் கட்டணத்தையும் கட்டியாக வேண்டும். எங்கள் பயணத் திட்டத்தில் கடைசி நாளுக்கு நேராக "காலை உலா" என்று கொட்டை எழுத்தில் இருந்தது. வாயிலுக்குப் போனபோது அந்த நாளுக்குக் கட்டணம் செலுத்தப்படவில்லை என்பது தெரிந்தது. வழிகாட்டி தர்மசங்கடத்தோடு அலுவலகத்தை அழைத்தார். அது விருப்பத்தின் பேரில் தனியாகப் பணம் கட்டிச் செல்ல வேண்டிய உலா என்று பதில் வந்தது. திட்டத்தில் அப்படி ஒரு சொல்கூட இல்லை. திரும்பிவந்து அனுப்பிய மின்னஞ்சலுக்கு இதுவரை விடையில்லை.

இதற்கு அடுத்த குறை சிறியதுதான், ஆனால் அந்த நிறுவனத்தின் போக்கைக் காட்டிக்கொடுத்தது. கென்யாவின் காப்பகங்களுக்குள் ஒருமுறை பயன்படுத்தி எறியும் பிளாஸ்டிக்குக்கு 2020 ஜூனிலிருந்து தடை உள்ளது. அப்படியிருந்தும் அலுவலகத்தார் வண்டியில் ஏற்றி அனுப்பியது பிளாஸ்டிக் தண்ணீர்ப் புட்டிகள். வாயிலுக்கு முன்பாகவே எங்கள் எவர்சில்வர் புட்டிகளில் ஊற்றச் சொல்லி, காலிப் புட்டிகளைக் கடையொன்றில் கொடுத்துவிட்டு வந்தவர் வழிகாட்டிதான். வண்டியைப் பற்றிப் பெரிய புகார் இல்லை. எஞ்சினும் கூரையும் கைபேசி மின்னேற்றும் வசதியும் ஒழுங்காக இருந்தன, என் பக்கத்துச் சன்னல் மட்டும் பாதியில் நின்றுவிடும். சைவ உணவுக்கு மாராவில் அஞ்ச வேண்டியதில்லை. இந்திய வம்சாவளியினர் தலைமுறைகளாக வாழும் நாடு என்பதால் சப்பாத்தியும் பச்சைப்பயற்றுக் குழம்பும் முகாம்களில் கேட்காமலே வருகின்றன. காட்டுக்குள் கொண்டுபோகும் மதிய உணவுப் பெட்டியில்தான் கோழித்துண்டு வந்து சேரும். அதை முந்தைய இரவே சொல்லிவைக்க வேண்டும்.

புறப்படும் முன் செய்ய வேண்டியவற்றில் தவறவிடக் கூடாதது மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி. கென்யாவிலிருந்து இந்தியா திரும்பும்போது அதன் சான்றிதழ் இல்லாவிட்டால் தனிமைப்படுத்தி வைத்துவிடுவார்கள். பயணத்துக்குப் பத்து நாட்களுக்கு முன்பாவது போட்டிருக்க வேண்டும். சென்னையில் கிண்டி கிங் இன்ஸ்டிட்யூட்டில் போடுகிறார்கள். விசாவுக்குப் பதிலாக 2024 ஜனவரி முதல் இணையவழிப் பயண அனுமதி நடைமுறையில் உள்ளது. மாரா கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1500 மீட்டருக்கு மேல் இருப்பதால், திறந்த கூரையில் விடியற்காலைக் காற்று பல்லைக் கிட்ட வைக்கும். கம்பளிச் சட்டை கட்டாயம் வேண்டும்.

எந்த மாதத்தில் போவது என்பதில் என் கருத்து விளம்பரங்களோடு ஒத்துப்போகாது. மாட்டைப் போன்ற பெரிய மானினமான வில்டபீஸ்டுகள் பத்து இலட்சத்துக்கும் மேல் இடம்பெயர்ந்து வந்து ஆற்றைக் கடக்கும் ஜூலை முதல் அக்டோபர் வரையிலான காலத்தைத்தான் எல்லோரும் பரிந்துரைப்பார்கள். அந்தக் காட்சிதான் வேண்டும் என்றால் அப்போதுதான் போக வேண்டும். பெரும்பூனைகளோ வில்டபீஸ்டுகளின் பின்னால் இடம்பெயர்ந்து போவதில்லை. ஆண்டு முழுவதும் பெரும்பாலும் தத்தம் பகுதியிலேயே இருக்கின்றன. ஏப்ரல், மே மாதப் பெருமழையில் புல் உயர்ந்து கரிசல் மண்ணில் வண்டிகள் சிக்கும். ஆனால் ஜனவரியிலும் பிப்ரவரியிலும் கட்டணம் பாதி, வண்டிகளும் குறைவு. அடுத்த முறை நாங்கள் போவது பிப்ரவரியில்தான்.

அதே வழிகாட்டியோடு போக வேண்டும் என்பதால் விசாரித்தபோதுதான், அவர் அந்த நிறுவனத்தின் ஊழியரே அல்லர், நாட்கூலி அடிப்படையில் பல நிறுவனங்களுக்கு ஓட்டுபவர் என்பது தெரிந்தது. நல்ல வழிகாட்டிகள் பலர் இப்படித்தான் இயங்குகிறார்கள். ஆகவே பதிவு செய்யும்போது வழிகாட்டியின் பெயரையும் சங்கச் சான்றின் நிலையையும் உறுதிச்சீட்டிலேயே எழுதித் தரும்படி கேட்டு வாங்குங்கள். கடைசி நாளின் நுழைவுக் கட்டணம் யார் பொறுப்பு என்பதையும் அதிலேயே எழுதச் சொல்லுங்கள். அன்பளிப்பை அலுவலகத்தின் வழியாகத் தர வேண்டாம், விடைபெறும்போது வழிகாட்டியின் கையிலேயே கொடுத்துவிடுங்கள்.